நாக்பூர் ரசம்

தியாகராய நகர் தங்கத்துக்கு இருபத்தாறு வயதில் ஒரே ஒரு ஆசைதான். வாரப் பத்திரிகையில் தன் பெயர் அச்சில் வரவேண்டும். அதற்காகப் பதினான்கு கதைகள் அனுப்பினாள். பதினான்கும், அவளே விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டி வைத்த உறைக்குள் புகுந்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தன. கதைகளில் என்ன குறைச்சல்? கொடைக்கானல் பங்களா, பியானோ, ரத்த வாந்தி எல்லாம் இருந்தன. கொடைக்கானலை அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

1972இல் ஆழ்வார்பேட்டை மாதர் சங்கத்தில் பேச நாவலாசிரியை பங்கஜம் வந்தார். தொடர்கதை எழுதியே மயிலாப்பூரில் மாடி கட்டியவர். கூட்டம் முடிந்ததும் தங்கம் முண்டியடித்துக்கொண்டு போய்ப் பதினைந்தாவது கதையை நீட்டினாள். அவர் நின்றபடியே ஒரு பக்கம் படித்தார்.

"இப்படி யாருடி பேசறா? மனுஷா பேசறதைக் காது குடுத்துக் கேளு. எழுத்து தன்னால வரும்."

தங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பார்த்ததோ டெலிபோன் ஆபீசில் வெளியூர் டிரங்க் கால்களை இணைக்கும் வேலை. நாடே அவள் காதில்தான் பேசிக்கொண்டிருந்தது. லைன் கிடைத்ததும், பேச்சு தன் காதில் விழாதபடி போர்டிலுள்ள சாவியைத் தள்ளி மூடிவிட வேண்டும், ஒட்டுக்கேட்டால் வேலை போய்விடும் என்பது சட்டம். அவ்வளவு பெரிய எழுத்தாளரே சொன்ன பிறகு சட்டமாவது, மண்ணாங்கட்டியாவது! ஒரு வாரம் சாவியை மூடாமல் கேட்டாள். அடேயப்பா, என்ன பேச்சு! மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி மட்டும் ஈரோட்டுக்கு மூன்று நிமிஷம். சிரிப்பை அடக்க அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள, பக்கத்து இருக்கை குல்ஷன் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டாள்.

வியாழனன்று, கரகரவென்ற லைனில், மயிலாப்பூர் அம்மாள் ஒருத்தி நாக்பூருக்கு மாற்றலாகிப் போன கணவரைக் கூப்பிட்டாள். தானே ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதாக அவர் பெருமையடித்தார். அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம்! அப்படியானால் இனி நான் எதற்கு என்றாள். அவர் சிரிக்கச் சிரிக்க லைன் போய்விட்டது.

தங்கம் அதை அப்படியே எழுதினாள். முடிவில் மட்டும், ஓசையற்ற ரிசீவரைப் பார்த்து அந்த அம்மாள், "ரொம்ப நன்னா வைக்காதேங்கோ" என்று சொல்வதாகச் சேர்த்தாள். ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்குப் பங்கஜம்தான் நடுவர் என்று அறிந்து, அதற்கே அனுப்பினாள். பெயருக்குக் கீழே உத்தியோகத்தையும் கொட்டை எழுத்தில் போட்டாள். அந்தப் பெருமை அவளை விடவில்லை.

பத்தே நாளில் பங்கஜத்திடமிருந்து கார்டு வந்தது: நேரில் வா. பரிசேதான் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பங்கஜம் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நாக்பூர்ல இருக்கறது என் ஆத்துக்காரர். உங்க ஆபீசுக்குப் புகார் எழுதியாச்சு. இன்னும் தபால்ல போடலை."

தங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வேலையும் போயிற்று, அச்சில் பெயரும் போயிற்று.

"நான் பேசினதெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. கடைசி வரியை மட்டும் நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. நெனச்சுண்டேன். அதை எங்கேடி கேட்டே?"

"அது கேட்டதில்லை மாமி," என்றாள் தங்கம். அழுகை வந்துவிட்டது. "உங்க இடத்துல என்னை வச்சுப் பார்த்தேன். அப்படித்தான் சொல்லத் தோணிச்சு."

பங்கஜம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு புகார்க் கடிதத்தை நான்காகக் கிழித்தார். இனி சாவியை மூடிவிட்டு எழுதினால் போதும் என்றார்.

அடுத்த மாதம் அது முதல் பரிசுக் கதையாகப் பத்திரிகையில் வந்தது. தன் பெயரைத் தங்கம் பாண்டி பஜார் முழுக்க நடந்துகொண்டே படித்தாள், இரண்டு பேர் மேல் மோதினாள். அதே கையோடு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு ஓடினாள்.

மாடி வீடு பூட்டிக் கிடந்தது. மாமி முந்தாநாளே நாக்பூருக்கு ரயிலேறிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.