ஒரே மாடல், வேற போர்டு

கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் வந்த சுப்பிரமணி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு மதர்போர்டை என் மேஜையில் வைத்தார். பக்கத்தில் அவர் மகள் காவியா. மைசூரில் லேப்டாப் சர்வீஸ் பார்க்க ஆரம்பித்து வெகு காலம் ஆகிறது. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முந்தின வாரம் காவியாவின் லேப்டாப் வந்தது. திரை முழுக்கக் கோடு. கிராபிக்ஸ் சிப் போய்விட்டது. பெங்களூர் அனிமேஷன் கம்பெனி ஒன்று அவளுக்கு டெஸ்ட் வேலை கொடுத்திருந்தது. அதை முடித்து அனுப்பினால் வேலை, இல்லாவிட்டால் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிதான்.

"டெஸ்க்டாப்புல கார்டைக் கழட்டி மாத்தறாங்களே, இதுல ஆகாதுங்களா?" என்று சுப்பிரமணி கேட்டார்.

"இதுல கார்டுன்னு தனியா இல்லைங்க. போர்டு மேலயே சிப்பை வெச்சு சால்டர் பண்ணிருக்காங்க. அதை மட்டும் எடுத்து மாத்த மெஷின் வேணும், நல்ல சிப்பும் வேணும். எங்ககிட்ட ரெண்டும் இல்ல" என்றேன்.

என் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் முதலாளிக்குக் கஸ்டமர் வெறுங்கையோடு போவது பிடிக்காது. கவுண்டரிலிருந்தே குரல் கொடுத்தார்.

"அதே மாடல் போர்டு சிக்கினா கொண்டு வாங்க, மாத்திரலாம். ஆகத்தெ."

"போர்டு நம்பர் பார்த்துத் தரேன் சார், அது சரியா இருக்கணும்" என்றேன்.

"மாடல் பேரு ஸ்டிக்கர்லயே இருக்கு, சாக்கு பிடு" என்று, போதும் விடு எனக் கன்னடத்தில் சொல்லி, என் வாயை அடைத்தார். நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவதற்குள் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

நம்ம ஊரில் கடைக்காரர் சொல்லும் 'ஆகத்தெ', பாதி நேரம் மரியாதைக்குச் சொல்வது. 'ஆகும்' என்று அதை அப்படியே நம்பிப் போனார்கள் அந்த இருவரும்.

பொட்டலத்தைப் பிரித்தேன். அதே மாடல்தான், அளவும் ஒன்றுதான். ஆனால் அந்த மாடல் இரண்டு வகையாக வரும், கிராபிக்ஸ் சிப் வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. இந்தப் போர்டில் சிப் உட்கார வேண்டிய இடம் வெறும் புள்ளிகளாகக் கிடந்தது. இதைப் போட்டால் அவளுடைய அனிமேஷன் வேலை ஓடாது.

"இது எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"வாங்கலீங்க. என்ற தம்பி சண்முகத்தோடது. பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். நல்லா ஓடிட்டிருந்த லேப்டாப்புங்க. பாப்பாவுக்கு வேலை கெடைச்சா வேற பார்த்துக்கலாம்னு அவனேதான் கழட்டச் சொன்னான்."

காவியா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, இதை வாபஸ் சித்தப்பா லேப்டாப்லயே போட்டுடலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

போர்டைத் திருப்பினேன். கொள்ளேகாலில் கழற்றியவன் திரை கேபிளோடு கனெக்டரையும் பிடுங்கியிருந்தான். கூடவே அடியில் இருந்த செம்புக் கோடுகளும் உரிந்து வந்திருந்தன. சரி செய்ய ஆன மட்டும் பார்த்தேன், சால்டர் பிடிக்கவில்லை. முதலாளி அந்நேரம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரை அங்கேயே வைத்துக் கேட்டுவிடலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது?

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லி அனுப்புங்கள். திட்டிக்கொண்டே போவார்கள், போகட்டும். வீட்டில் ஓடுகிற இன்னொரு லேப்டாப்பாவது பிழைக்கும்.

சுப்பிரமணி தம்பி நம்பரைப் போட்டு, போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லிருங்க. என்னால அவங்கிட்டப் பேச முடியாதுங்க."

வாங்கி, கடைப் பேரைச் சொன்னேன். பின்னால் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் விஷயத்துக்கு வருவதற்குள் சண்முகம் முந்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார், பாப்பாவோடது ஓடிருச்சுங்களா?"