தலைவர் வீட்டு மீட்டர்

நாவலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஆளில்லாத அறைகளில்கூட விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தால் போதும், என் கை தன்னால் சுவிட்சைத் தேடிப் போகும். இது அப்பாவிடமிருந்து எனக்கு வந்த வியாதி.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற வழியில் ஒரு நகரில் எங்கள் வீடு இருந்தது. நகர் என்று பெயர்தான், மொத்தமே மூன்று தெரு. அப்பாவுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. விடிந்ததும் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரத்தையும் ஒவ்வொருவர் பின்னாலும் போய் விளக்கையும் ஃபேனையும் அணைப்பதில் செலவிடுவார். ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் என்ன எடுக்கப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூடிய கதவுக்கு முன்னால் நின்று "தயிர்" என்று அறிவித்துவிட்டுத்தான் நான் தயிரை எடுப்பேன். விருந்தாளிகள் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் தலைக்கு மேலே ஃபேன் நின்றுவிடும். அவர்களும் புரிந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அம்மா இதற்கெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு நிற்கிற நேரம் தவிர, தெருவில் யாரோடும் அவளுக்குப் பழக்கமில்லை.

வீட்டில் அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் அப்பாவின் பார்வை தெருவின்மேல் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் மின்சாரச் சிக்கனக் குழு தொடங்கப்பட்டது. மூலை வீட்டுக்காரர் மைக் செட் கொண்டுவரட்டுமா என்று கேட்க, அப்பா பதறிப்போய் வேண்டாம் என்றுவிட்டார். அதனால் அவருடைய தொடக்க உரை முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்வரிசை சுண்டலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.

மூலை வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் நகர் முழுவதும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். மனை போட்டு விற்றுவிட்டு, இப்போது சிமெண்ட் கடை வைத்திருந்தார். "சார், உன் கிச்சன் கீதே, அங்கதான் எங்க தாத்தா நாத்து உட்டுகினு இருந்தாரு" என்று அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுபடுத்துவார். எங்களுக்கு அந்தச் சமையலறையில் நடக்கவே கூச்சமாக இருக்கும். அவர் வீட்டில் மூன்று ஏசி ஓடியது. அவரைத் திருத்தினால் தெருவே திருந்திவிடும் என்பது அப்பாவின் திட்டம்.

குழு என்றால் தலைவர் வேண்டும். அதற்கு அப்பாவே ஒரு விதி வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுக்க ஆள் வரும்போது, போன தடவையைவிட யார் வீட்டில் யூனிட் அதிகமாகக் குறைந்திருக்கிறதோ அவர்தான் அடுத்த கணக்கெடுப்பு வரை தலைவர். அதுவரைக்கும் தற்காலிகத் தலைவர் அப்பா. தொழிற்சாலையில் அப்பாவுக்கு மேலே நிறையப் பேர் இருந்தார்கள், கீழே ஒருவரும் இல்லை. அதனால் தெருவில் யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டால் அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிடும். கேட்டில் ஒரு பலகைகூட மாட்டிக்கொண்டார். அதில் தற்காலிகம் என்ற சொல் இல்லை.

முதலில் வந்தது பொது மாவுத் திட்டம். நாலு வீட்டில் நாலு கிரைண்டர் கால்வாசி அரிசியோடு சுற்றுவது அநியாயம் என்று அப்பா விளக்கினார். ஒரே கிரைண்டரில் முழு அளவு போட்டு மாற்றி மாற்றி அரைத்தால் எவ்வளவோ மிச்சம். எந்த வீட்டுக் கிரைண்டர் என்ற கேள்வி வந்தபோது, முன்மாதிரியாக இருக்க வேண்டியது தலைவர் வீடுதானே என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுநாளே மூலை வீட்டு அக்கா, பக்கத்து வீட்டு டீச்சர், மாடி வீட்டில் குடியிருந்த புதுமணப்பெண் என்று ஆளுக்கொரு பாத்திரத்தில் ஊறிய அரிசியோடு வந்துவிட்டார்கள். கிரைண்டர் ஓடி முடியும்வரை எங்கே போவார்கள்? சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்தது டிவி. ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது அப்பா ஒன்றைக் கவனித்திருந்தார். தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே சீரியலில் ஒரே பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரே அழுகைக்கு நாலு டிவி எதுக்கு?" என்று குழுவில் கேட்டார். அன்று முதல் அந்த அழுகையும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பெண்கள் வந்தால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு அப்பாக்கள் வருவார்கள். பிறகு, கிரைண்டருக்குச் சொன்ன நியாயம் இஸ்திரிப் பெட்டிக்கும் பொருந்தும் என்று டீச்சர் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் தெருவின் சீருடையெல்லாம் எங்கள் வீட்டில் தேய்க்கப்பட்டது. வந்தவர்கள் வந்ததற்குத் தங்கள் கைப்பேசியையும் சார்ஜில் போட்டுக்கொண்டார்கள்.

கத்திரி வெயில் ஆரம்பித்தபோது மூலை வீட்டுக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எங்கள் ஹால் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே ஒரு ஏசி இருந்தது. கோவில்பட்டியிலிருந்து தாத்தா வந்தால் மட்டும் ஓடும்.

"இத்தினி பேரு உக்காந்துகினு கீறோம். ஒரு ஏசி போட்டா தலைக்கு இன்னா சார் வந்துடப்போவுது?"

அது அப்பாவின் சொந்தக் கணக்கு. அதை அவரால் எப்படி மறுக்க முடியும்? அவரே எழுந்துபோய் ஏசியைப் போட்டார். போட்டுவிட்டு, தெருவில் இப்போது எத்தனை வீடு இருட்டாக இருக்கிறது பாருங்கள் என்று ஜன்னல் வழியே பெருமையாகக் காட்டினார். எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீடும் இருட்டாகத்தான் இருந்தது.

இதில் அம்மா வேறு ஆளாகிவிட்டாள். அவளுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சீரியலில் மாமியாராக வருகிறவளைப் போல நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். மூலை வீட்டு அக்கா சிரித்துச் சிரித்துப் புரை ஏறித் தண்ணீர் கேட்பார். நான் வீட்டுப்பாடம் எழுதச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டேன். அம்மா என்னை மாடிப்படியில் போய் எழுதச் சொல்லிவிட்டாள்.

மீட்டர் கணக்கெடுக்கிறவர் வந்த அன்று அப்பா லீவு போட்டிருந்தார். புதுச் சட்டை வேறு. வந்தவர் எங்கள் மீட்டரைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். தெருவிலேயே அதிகம் ஏறியிருந்தது எங்கள் மீட்டர்தான். அதிகம் இறங்கியிருந்தது மூலை வீட்டுக் கணக்கு. சாயங்காலம் முழுக்கக் குடும்பமே எங்கள் ஹாலில் இருந்தால் மூன்று ஏசிக்கும் அங்கே என்ன வேலை? விதிப்படி அவர் தலைவரானார். அப்பாவே மாலை போட வேண்டியதாயிற்று. கேட்டில் இருந்த பலகையைக் கழற்றும்போது அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அழுதேன்.

புதுத் தலைவர் விவரமானவர். பழைய தலைவருக்கு என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தவர். பொதுக் கிரைண்டர் தன் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டார். "அவங்கவங்க வூட்ல அவங்கவங்க அரைச்சிக்கினா ஒரு பேஜாரும் இல்ல" என்றார். டிவிக்கும் அதே தீர்ப்புதான். அவருடைய ஆட்சியில் வேறு எதுவும் நடக்கவில்லை.

எங்கள் வீடு பழையபடி ஆனது. அப்பா வரும்போது ஹாலில் விளக்குகூட எரியாது, அம்மா சமையலறை வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் பழக்கதோஷத்தில் டீ போடப் பெரிய பாத்திரத்தை எடுப்பாள், பிறகு திருப்பி வைத்துவிட்டுச் சின்னதை எடுப்பாள். தெருக்காரர்கள் சண்டை ஒன்றும் போடவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் கிரைண்டர் ஓடும்போது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட என்ன காரணம் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பரம சந்தோஷம். மீட்டரில் எண் மெதுவாக ஏறுவதைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்பாவிடம் சொல்வேன்.

ஒருநாள் அப்பா செருப்பைக் கழற்றியபடியே, ஏன் டிவி போடவில்லை என்று அம்மாவிடம் கேட்டார். அவர் அணைக்கச் சொல்லித்தான் நான் பார்த்திருக்கிறேன்.

"தனியா பார்த்தா கதை புரிய மாட்டேங்குது" என்றாள் அம்மா.

அப்பா கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு அவரே போய் ஹால் விளக்கைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்தார். நான் மீட்டர் செய்தியோடு ஓடி வந்தேன். அவர் காதில் அது விழவே இல்லை.

அடுத்த கணக்கெடுப்பில் நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த மீட்டர் தெருவில் வேறொன்றும் இல்லை. அப்பா மறுபடியும் தலைவர். நான் மூன்று தெருவுக்கும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மொட்டைமாடியில் எல்லோரும் கூடினார்கள். மூலை வீட்டுக்காரர் பெரிய மனதோடு மாலையைத் திருப்பிப் போட்டார். அப்பா எழுந்து, பொது மாவுத் திட்டம் நாளையிலிருந்து மறுபடி தொடங்கும், எங்கள் வீட்டிலேயே அரைக்கலாம், டிவியும் அங்கேதான் என்று அறிவித்தார்.

மூலை வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "சார், நல்லா ரோசன பண்ணிக்கோ. மறுக்கா நீதான் மாட்டுவ. தலைவர் போஸ்ட்டு என் வூட்டாண்ட வந்துடும்."

"வரட்டும்ணா" என்றார் அப்பா.

எனக்குத் தாங்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, இப்படிச் செய்தால் நாம் தோற்றுவிடுவோம் என்று காதில் சொன்னேன். தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் என்று கேட்டேன். அவர் படியருகே சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா அன்று ராத்திரி, யாரும் அரிசி கொண்டுவருவதற்கு முன்பே, எங்கள் அரிசியிலேயே நாலு வீட்டுக்கும் ஊறப்போட்டுவிட்டாள்.

மறுநாள் பள்ளியில் என் சிநேகிதியிடம், எங்கள் அப்பாவுக்கு எப்படித்தான் இன்ஜினியர் வேலை கொடுத்தார்களோ, சாதாரணக் கூட்டல் கழித்தல்கூட அவருக்கு வரவில்லை என்று மனசு நொந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.