தவிட்டுக்கு வாங்கிய மகள்

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று பிள்ளைகளைச் சீண்டாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. பிள்ளை அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. என்னை மட்டும் யாரும் அப்படிச் சீண்டியதில்லை. காரணம், என்னை நிஜமாகவே தவிட்டுக்குத்தான் வாங்கினார்கள். அதுவும் வருஷா வருஷம்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் ராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தன. மூன்றாவதாகப் பிறந்த நானும் பால் குடிக்காமல் எலும்பும் தோலுமாகிவிட்டேன். எங்களுடையது வேதக்கார வீடு. ஐயா ஜின்னிங் பேக்டரியில் கிளார்க். சோற்றுக்கு முன்னும் ஜெபம், பின்னும் ஜெபம். ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தாயிற்று, போதகர் வந்து தலையில் கைவைத்தும் பார்த்தாயிற்று. கடைசியில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மாதான் வழி சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, செண்பகத்தோப்புப் பாதையில் சின்னதாக ஒரு தர்கா இருக்கிறது, அங்கே ஒரு லெப்பை ஓதி ஊதினால் பிள்ளைகளுக்குத் தேறுகிறது என்று.

ஐயா தடுக்கவில்லை. கூடவே வந்தார். ஆனால் தர்காவுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். வாசலைத் தாண்டினால் பாவம், தாண்டாவிட்டால் பாவமில்லை என்று அவருக்கு ஒரு கணக்கு. சபையில் கேட்டவர்களிடம் பால்கோவா வாங்கப் போனதாக அம்மா சொன்னாளாம். பொய் ஆகிவிடக் கூடாதென்று கொஞ்சம் வாங்கியும் வந்தாளாம்.

லெப்பை பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் வசனம் எழுதி, பன்னீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரை என் நாக்கில் தடவினார். மயிலிறகால் தலையிலிருந்து கால்வரை வருடி, ஓதி, முகத்தில் ஊதினார். பிறகு அம்மாவிடம், "இந்தப் பிள்ளைய எங்களுக்குக் கொடுத்துரும்மா. பொறவு தவிட்டைக் கொடுத்து எங்ககிட்ட வாங்கிக்கிடுங்க. உங்க பிள்ளைன்னு தேடி வார நோவு ஏமாந்து போயிரும்" என்றார். ஏழு வயது முடியும்வரை ஒவ்வொரு கந்தூரித் திருநாளுக்கும் வந்து இப்படியே கொடுத்து வாங்க வேண்டும் என்பது அவர் போட்ட ஏற்பாடு.

கொடுப்பதற்கு ஒரு மடி வேண்டுமே. லெப்பையின் மனைவி வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். பிள்ளை இல்லாதவள். அந்த மடியில் போட்டதும் என் அழுகை நின்றதாம். உறங்கி முழித்ததும் பால் குடித்தேனாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரலில் நன்றியும் இருக்கும், துளி பொறாமையும் இருக்கும்.

இதெல்லாம் கேட்டுத் தெரிந்தது. எனக்கே நினைவிருப்பது அந்த மடிதான். அவளை நான் உம்மா என்று கூப்பிட்டேன். கந்தூரி அன்று காலையில் போய்ச் சேர்ந்தால் சாயங்காலம்வரை நான் அவள் பிள்ளை. தலைக்கு எண்ணெய் வைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, பின்னிவிடுவாள். நெய்ச்சோற்றை உருட்டி வாயில் வைப்பாள். அம்மாவும் இதையெல்லாம் செய்தவள்தான். ஆனால் அம்மா எதையும் பயந்துகொண்டே செய்வாள். தும்மினால் நெற்றியைத் தொட்டுப்பார்ப்பாள், ஓடினால் அதட்டுவாள். இரண்டைப் பறிகொடுத்தவள் வேறு எப்படி இருப்பாள்! உம்மாவோ, "ஓடு ஏட்டி, விழுந்தா எந்திரி" என்பாள். என்னைச் சாகாத பிள்ளையாகப் பார்த்த ஒரே ஆள் அவள். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்க ஏங்கிக் கிடப்பேன். தலை நரைத்துப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று, இன்னும் அந்த மடி வேண்டும்போல்தான் இருக்கிறது. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

பொழுது சாயும்போது அம்மா முறத்தில் தவிட்டோடு வந்து நிற்பாள்.

"அக்கா, இந்தப் பிள்ளைய எனக்குத் தாரீயளா?"

"என்ன தருவே?"

"தவிடு தாரேன்."

"அப்போ எடுத்துக்கோ."

சடங்குப் பேச்சு இவ்வளவுதான். ஆனால் "என்ன தருவே?" என்று கேட்பதற்கு முன்னால் உம்மா செத்த நேரம் பேசாமல் இருப்பாள். வருஷத்துக்கு வருஷம் அந்தச் செத்த நேரம் நீண்டுகொண்டே போனது.

எனக்கு ஏழு முடிந்தபோது யுத்த காலம். கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில், நின்று நின்று போனோம். "இன்னையோட முடிஞ்சுது, இனிமே அலைச்சல் இல்ல" என்று அம்மா ஐயாவிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தடவை வாங்கிவிட்டால் அப்புறம் உம்மா கிடையாது. ஒரே ஒரு யோசனைதான் தோன்றியது. தவிடு இல்லாவிட்டால் என்னை எப்படி வாங்குவார்கள்?

சாயங்காலம் அம்மா குனிந்து, "அக்கா, இந்தப் பிள்ளைய" என்று ஆரம்பித்தாள். உம்மா மடியில் இருந்தபடியே முறத்தை எட்டி உதைத்தேன். மலைக்காற்று வேறு. தவிடு முற்றம் முழுக்கப் பறந்தது.

"நான் வரமாட்டேன்! நான் உம்மா பிள்ளை!" என்று கத்தினேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மண்ணில் சிந்திய தவிடு சடங்குக்கு ஆகாது. வாங்காமல் பிள்ளையைக் கொண்டுபோனால் பழைய நோய் பாதி வழியிலேயே பிடித்துக்கொள்ளும் என்று அம்மா நம்பினாள். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் நம்பினாள். "இதுவும் போயிருமா அக்கா? இதுவும் போயிருமா?" என்று தலையிலடித்து அழுதாள். அந்தச் சத்தத்தில் ஐயா விரித்த குடையோடு உள்ளே ஓடிவந்தார். பாவக் கணக்கெல்லாம் அன்றைக்கு அவருக்கு மறந்துபோனது.

லெப்பை, "விடும்மா, பிள்ளைதானே. காலைல தவிடு கொண்டாங்க. ராத்திரி இங்ஙனயே இருக்கட்டும்" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! உம்மாவின் கை என்னைச் சுற்றி இறுகியது. ஒரு ராத்திரி முழுக்க ஒரு பிள்ளையைப் பக்கத்தில் போட்டு உறங்க அவளுக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்த்திருக்காது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள்.

"விடியறவரைக்கும் பெத்தவ உசுரோட இருக்க மாட்டா" என்று லெப்பையிடம் சொல்லிவிட்டு என்னை இறக்கி வைத்தாள். வீட்டுக்குள் போனாள். ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டை முந்தானையில் அள்ளி வந்து, அம்மாவின் முறத்தில் கொட்டினாள். திரும்ப உட்கார்ந்து என்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேளு தங்கச்சி."

அம்மா முறத்தை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கேளுன்னு சொல்லுதேன்ல!"

"அக்கா, இந்தப் பிள்ளைய எனக்கு..."

"எடுத்துக்கோ" என்றாள் உம்மா. என்ன தருவாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் சேலையைப் பிடித்திருந்த என் விரல்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்து, என்னைத் தூக்கி அம்மா கையில் கொடுத்தாள்.

ஐயா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் பின்பக்கமாகப் பார்த்து, உம்மா, உம்மா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் முற்றத்தில் குந்தியிருந்து, நான் உதைத்துச் சிந்திய தவிட்டைக் கையால் கூட்டி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை.