கண் திறக்காத நாயகி

பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே எழுதிய நாவல்கள் லட்சக்கணக்கில் விற்று அவளைப் பேர்போன எழுத்தாளராக்கின. அந்தத் தொடர் நாவல்களில், பிள்ளைகளைச் சுவருக்குள் அடைத்துவைக்கும் எதிர்கால நகரம் ஒன்றை எதிர்த்து நிற்கும் நாயகிக்கு, தன் தங்கையின் பிடிவாதத்தையும் வாய்த்துடுக்கையும் அப்படியே கொடுத்திருந்தாள். மூன்றாம் பாகம் எழுதும்போது தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். கதையில் நாயகியும் செத்தாள்.

இளம் வாசகர்கள் கொதித்தார்கள். "கதைதானே மேடம், அடுத்த பாகத்துல அவளை உயிரோட கொண்டு வந்துடுங்க," என்றார் பதிப்பாளர்.

அம்மாவும் கெஞ்சினாள். "எழுதுடி. அங்கயாவது அவ இருக்கட்டும்."

ஒரு வாரம் முட்டி மோதினாள். 'அவள் கண் திறந்தாள்' என்று தட்டுவாள், ஆஸ்பத்திரிக் கட்டில் கண்முன் வரும், அழித்துவிடுவாள். கடைசியில், "என்னால முடியலம்மா," என்று மடிக்கணினியை மூடினாள். அதன்பின் அவள் எதையும் எழுதவில்லை.