இல்லாத நாய்க்கு மூன்று வார வீட்டுப்பாடம்

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எனக்கு உடம்பெல்லாம் வலிக்கும். அந்த நேரத்துக்கு லேப்டாப்பைத் திறந்து, முகத்தை ஒரு தடவை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஸ்வீடனில் ஏதோ ஒரு சின்ன ஊர் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரை இங்கிலீஷில் பேசவைக்க வேண்டும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்தி ஓய்ந்தவளுக்கு இது தேவையா என்று என் தங்கை கேட்டாள். தேவைதான். அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் வெளியே எங்கேயும் போக முடியாது. வீட்டுக்குள் இருந்தபடியே வேறு மனிதர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு இருந்த ஒரே வழி அந்த வகுப்பு.

அவர் என்றால் என் கணவர். போன ஆடி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன, பேச்சு திரும்பவில்லை. சொன்னதெல்லாம் புரிகிறது, பேப்பரில் தலைப்பு வரை படிக்கிறார். சொல்ல நினைத்தது மட்டும் தொண்டையில் நின்றுவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால் அவர் வாழ்க்கை முழுக்கப் பேசியே சாப்பிட்டவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் புடவைப் பிரிவில் நின்றவர். 'வாங்கக்கா, எடுக்க வேண்டாம், சும்மா பாருங்க' என்று ஆரம்பித்தால் வந்தவர் வெறுங்கையோடு இறங்க மாட்டார். கடையில் பேசியது போதாதென்று வீட்டிலும் பேசுவார். 'கொஞ்சம் வாயை மூடுங்களேன்' என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடையாறில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு சின்னப் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். "அம்மா, அவர் வார்த்தையைத் தேடட்டும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. தேடுற பழக்கம் விட்டுப்போச்சுன்னா அவர் பேசறதையே நிறுத்திடுவார்." நான் பெரிதாகத் தலையை ஆட்டினேன். திரும்பி வருகிற ஆட்டோவிலேயே அவருக்கு மூன்று வார்த்தை எடுத்துக் கொடுத்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது, அதுதான் உண்மை. அவர் "த..." என்றால் தண்ணீர் வரும். "ஜ..." என்றால் ஜன்னலைச் சாத்துவேன். "நீ..." என்று தொடங்குவார், ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது. "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போயிடலை" என்று சமையலறையிலிருந்தே பதில் சொல்லிவிடுவேன். அவர் தலையாட்டுவார். வேலை மளமளவென்று நடந்தது. ஆனால் தீபாவளி சமயத்தில் இருந்த பேச்சு பொங்கலுக்கு இல்லை, பொங்கலுக்கு இருந்தது பங்குனியில் இல்லை. குறைந்துகொண்டே போகிறது என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது. பயந்தால் இன்னும் வேகமாகப் பேசுகிற ஜாதி நான்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்கா ஒருநாள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு என்னை முறைத்தாள். கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்து குடிசைகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே தள்ளிவிட்டதால் இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். "இன்னாம்மா நீ, அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நீயே பேசிக்கினு கீற? அவரும்தான் இன்னா பண்ணுவாரு!" என்றாள். "உனக்கென்ன தெரியும், போய் வாசலைப் பெருக்கு" என்று விரட்டினேன்.

ஸ்வீடன்காரர்களிடம் வருகிறேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி கல்யாணமாகி அங்கே போய், அந்த நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வயதானவர்கள் ஐந்தாறு பேர் வாரம் ஒருமுறை கூடி, ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே எதையாவது கற்றுக்கொள்வது வழக்கமாம். இந்தக் கூட்டத்துக்குப் பேச்சு இங்கிலீஷ் வேண்டுமென்று அவள்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தாள். மேஜையில் ஃபிளாஸ்க், லவங்கப்பட்டை போட்ட பன், அதற்குப் பின்னால் ஐந்து சிவந்த முகங்கள். எல்லாரும் ஒரே திரையில் தெரிவார்கள். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கே பேச மாட்டார். அந்த மேஜையில் இருக்கும் ஒரு அம்மாள் 'ஆமாம்' என்று சொல்வதற்குப் பதில் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார். முதல் வாரம் பன் தொண்டையில் அடைத்துவிட்டதென்று பதறிப்போய் "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று தமிழில் கத்திவிட்டேன். அவர்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் ஆமோதிப்பார்களாம்.

அவர்களுடைய மௌனம்தான் எனக்குத் தாங்காது. கேள்வி கேட்டால் யோசிப்பார்கள். உண்மையாகவே உட்கார்ந்து யோசிப்பார்கள். என் வகுப்பில் பிள்ளைகள் சும்மா இருந்தால் ஒன்று பாடம் படிக்கவில்லை, இல்லை ஏதோ வம்பு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் மூன்று நொடிக்கு மேல் நான் விடமாட்டேன். வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிடுவேன். அவர்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். வகுப்பு நன்றாகப் போகிறதென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐவரில் ஒருத்தர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எழுபதைத் தாண்டியவர், பெரிய கை, மெல்லிய குரல். உங்கள் நெருங்கிய சொந்தங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஒரு புதன்கிழமை கேட்டேன். மனைவி இறந்துவிட்டதைச் சொன்னார். பிறகு, "எனக்கு ஒரு..." என்று நின்றார். ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் மூன்று நொடி பொறுத்தேன். தனியாக இருக்கிற மனுஷர், வேறு என்ன இருக்கும்?

"நாய்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மற்ற நால்வரும் மேஜையைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றார்.

அந்த வார வீட்டுப்பாடம் அவரவருக்கு ஏற்றபடி கொடுத்தேன். அவருக்கு, 'என் நாய்'. ஆறு வரி எழுதி அனுப்பினார். பழுப்பு நாய், வயசாகிவிட்டது, அமைதியானது. போதாது, நாயின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள் என்றேன். எழுதினார். அடுத்த வாரம், நாயோடு போன ஒரு பயணம். அதையும் எழுதினார். நான் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் திருத்தி, படம் பிடித்து அனுப்பினேன். 'நாயின் மேல் உங்கள் அன்பு தெரிகிறது' என்றுகூட ஒரு தடவை ஓரத்தில் எழுதினேன்.

நாலாவது புதன்கிழமை, நாயை ஒருமுறை காமிராவில் காட்டுங்களேன் என்று கேட்டுவிட்டேன். நூலகத்துக்கு நாயைக் கூட்டிவரலாமா என்றும் விசாரித்தேன். திரையில் ஐந்து பேரும் அசையவில்லை. மூச்சை இழுக்கிற அம்மாள்கூட மூச்சை இழுக்கவில்லை.

"எனக்கு நாய் கிடையாது" என்றார் பஸ் டிரைவர்.

அப்படியென்றால் இந்த மூன்று வாரமும் நாயைப் பற்றி எழுதினீர்களே என்றேன்.

அவர் நிதானமாக, நடுநடுவே நின்று நின்று சொன்னார். அவருக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அமெரிக்காவுக்குப் போய் நாற்பது வருஷம் ஆகிறது. ஏதோ மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கோடையில் போய்ப் பார்க்கப்போகிறார். அக்காவுக்குத் தாய்மொழி மறந்துபோய்விட்டதாம், இங்கிலீஷ்தானாம். அவளிடம் என்ன பேசுவது என்று கற்றுக்கொள்ளத்தான் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். அன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தார். "நீங்கள் ரொம்ப வேகமாக இருந்தீர்கள். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்."

மேஜையில் இருந்த மற்ற நாலு பேருக்கும் அவரிடம் நாய் இல்லை என்று முதல் நாளே தெரியும். ஊர்க்காரர்கள். ஆசிரியை வருத்தப்படுவாள் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் கொடுத்த நாயை ஐந்து பேருமாகச் சேர்ந்து மூன்று வாரம் வளர்த்திருக்கிறார்கள்.

சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேரம் ஆயிற்று. ஆனால் வந்தது. அக்கா சைக்கிளில் அவரைப் பின்னால் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனதை வார்த்தை வார்த்தையாகச் சொல்லி முடித்தார். மேஜையில் இருந்தவர்கள் காபி ஆறிப்போனதைக்கூடப் பார்க்காமல் காத்திருந்தார்கள்.

லேப்டாப்பை மூடினேன். சிரிப்பு நின்றுபோய்விட்டது. கூடத்தில் அவர் எப்போதும் போலப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்த் தெருவில் மெட்ரோ வேலை நடப்பதால் எங்கள் தெருவில் திருப்பிவிட்ட பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த எட்டு மாதத்தில் இந்த மனுஷருக்கு நான் எத்தனை நாய் கொடுத்திருக்கிறேன்? த... என்றால் தண்ணீர்தானா? ஜன்னலைச் சாத்தச் சொன்னாரா, திறக்கச் சொன்னாரா? பாவம், எல்லாவற்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். ஒருவேளை நான் களைத்துப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க மனசு வராமல் வாங்கிக்கொண்டாரோ என்னவோ. அப்போது எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை, பால் அடுப்பில் இருந்தது.

மறுநாள் காலை. குக்கர் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். வேலைக்கார அக்கா இன்னும் வரவில்லை. சமையலறை வாசலில் அவர் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ..." என்றார். 

நான் இங்கதான் இருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி நின்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார் என்று தெரிந்தது. பழக்கம். நான் சொல்லவில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது. அவர் உதடு குவிந்து, பிரிந்து, மறுபடி குவிந்தது. நெற்றியில் வேர்த்துவிட்டது. எடுத்துக் கொடுத்துவிடலாம், இரக்கப்பட்டாவது கொடுத்துவிடலாம் என்று இருந்தது. பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது, தீய்ந்த வாடை வந்தது. நான் திரும்பவில்லை.

"நீ..." என்றார் மறுபடி. "நீ... காபி..."

அவருக்குக் காபி வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். டம்ளரை எடுக்கக் கை நீண்டுவிட்டது. அவர் இல்லை என்று தலையை அசைத்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நான் கொடுத்ததை வேண்டாம் என்றார். கையை இறக்கிக்கொண்டேன்.

"நீ... காபி... குடிச்சியா?"

அடுப்பை அணைத்தேன். பாத்திரத்தில் பால் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"இல்லைங்க," என்றேன். "இன்னும் குடிக்கலை."