காய்ந்த தரை என்று நான் சொன்னது

பாம்பனில் சாலைப் பாலம் திறந்த மறு வருஷம், மாசி மாதத்தில், நானும் என் மனைவியும் ராமேஸ்வரம் தீவைச் சுற்றிப் பார்க்க வாடகைக் காரில் போனோம். அந்தக் கார் அதற்குப் பிறகு ஓடவில்லை. காரணம் நான். இதை ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

காருக்குச் சொந்தக்காரரே டிரைவர். மண்ணூர்க்காரர், கத்தோலிக்கர். மனைவி வழியில் வந்த நிலத்தை விற்று, யாரோ ஓட்டிக் களைத்த ஓர் அம்பாசடரை வாங்கி, எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நிறுத்தியிருந்தார். பிரசவ வலி எடுத்தவளைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோவதும் கல்யாண மாப்பிள்ளையை ஏற்றி வருவதும் அந்த வண்டிதான். அவர் வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது. அவருடைய பிள்ளைகள் நான் வேலை பார்த்த பள்ளியில் படித்தார்கள். நான் பூகோள வாத்தியார். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன்.

மாசி மகத்தன்று கடலில் குளிக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. என் ஆசை வேறு. வருஷா வருஷம் கரும்பலகையில் இந்தியா வரைவேன். தென்கோடிக்கு வந்ததும் இலங்கையை நோக்கி ஒரு மெல்லிய கோட்டை இழுத்து, நுனியில் சாக்பீஸை அழுத்திப் புள்ளி வைப்பேன். தனுஷ்கோடி. அந்தப் புள்ளியை விட்டுவிட்ட பையன்களைப் பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை.

பாலத்தின் நடுவில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இன்னா சார் இது, கரையே காணோம்! ராமரு இந்தத் தண்ணியத் தாண்ட கொரங்குங்களக் கூட்டிகினு வந்தாரு. நாம பெட்ரோல் போட்டுகினு வந்துட்டோம்."

"மாதா படத்த முன்னாடி வச்சிக்கிட்டு ராமரக் கிண்டல் பண்றீங்களா?" என்று என் மனைவி சிரித்தாள்.

"மாதாவும் சிரிச்சிகினுதாம்மா கீறாங்க."

முதல் நாள் முழுக்கச் சுற்றினோம். கோயில், கந்தமாதன மேடு, கலங்கரை விளக்கம், குடை விரித்த மாதிரி நின்ற வேலமரங்கள். நிறுத்தின இடத்திலெல்லாம் அவர் கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கி வண்டியின் அடியைக் கழுவினார். "உப்புக் காத்து சார், தகரத்தத் துன்னுடும்." அவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டியவர்.

மறுநாள் காலையில் மாசி மக முழுக்கு முடிந்தது. பிற்பகலில் தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். தார்ச்சாலை ஒரு மீனவக் குப்பத்தோடு முடிந்துவிட்டது. அதற்கப்பால் வெறும் மணல்வெளி. மீன் ஏற்றும் ஜீப் ஒன்று மட்டும் உள்ளே போய் வருமாம். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "காரை அங்கிட்டு விடாதீக. செத்த இருங்க, ஜீப்பு வந்துரும்" என்றார்.

"சார், வண்டி இங்கியே நிக்கட்டும். ஜீப்புல போயிட்டு வந்துடலாமே" என்றார் டிரைவர்.

நான் காத்திருக்கத் தயாராக இல்லை. எங்கள் பக்கத்தில் கோடையில் ஏரி வற்றிவிட்டால் வண்டிகள் சுற்றிப் போகாது. ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே போகும். கறுத்த இடத்தில் சேறு இருக்கும். வெளுத்துக் கிடக்கும் இடத்தில் லாரியே போகலாம். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த மணல்வெளியும் வெளுத்துத்தான் கிடந்தது.

"வெள்ளையா இருக்கு பாருப்பா. காய்ஞ்ச தரை. நம்ம ஏரியில நீ ஓட்டாததா?"

அவர் இறங்கிக் காலால் அழுத்திப் பார்த்தார். "நம்ம ஏரி மாதிரிதான் கீது. ஆனா இது கடலாச்சே சார்."

"எனக்குத் தெரியாத கடலா?" என்றேன்.

என் மனைவி, "வேணாங்க" என்றாள். டிரைவர் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பிறகு, "நீங்க சொன்னா சரி சார்" என்று வண்டியை எடுத்தார்.

கொஞ்ச தூரம் சுகமாகவே ஓடியது. பிறகு முன்சக்கரங்கள் அப்பளம் நொறுங்குகிற மாதிரி அந்த வெள்ளையை நொறுக்கிக்கொண்டு இறங்கின. வெளுப்பெல்லாம் உப்பு, ஒரு விரல் கனம்தான். அடியில் கூழ். அவர் பின்னால் எடுக்கப் பார்த்தார், பின்சக்கரங்களும் போயின. நான் தள்ளினேன்; என் செருப்புகள்தான் உள்ளே போயின. வேலிக்கு வைத்திருந்த தென்னங்கீற்றுகளைக் குப்பத்திலிருந்து கொண்டுவந்து சக்கரத்தடியில் கொடுத்தோம். சக்கரம் அவற்றையும் இழுத்து விழுங்கியது.

அப்போதுதான் தண்ணீர் வந்தது. எங்கள் ஏரிக்குத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக வரும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே அலையும் இல்லை, சத்தமும் இல்லை. கூடத்தில் குடம் கவிழ்ந்த மாதிரி எல்லாப் பக்கமும் பரவியது. பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறும் என்று வகுப்பில் சந்திரனையும் பூமியையும் வரைந்து காட்டியவன் நான். அன்று காலையில் அந்தப் பௌர்ணமியைச் சாக்கிட்டே முழுக்குப் போட்டவன். எனக்கு அது நினைவுக்கு வந்தபோது தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

குப்பத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஜீப்பும் திரும்பி வந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள், அறுந்தது. மறுபடி கட்டினார்கள், ஜீப்பே புதையப் பார்த்தது. "இனி தண்ணி வத்துனாத்தேன்" என்று பெரியவர் கயிற்றைச் சுருட்டினார். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டிரைவர் மாதா படத்தைப் பெயர்த்து என் மனைவியிடம் கொடுத்தார். "நனையாம வெச்சிக்கோங்கம்மா." பிறகு திரும்பிப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவருடைய முழங்கால்வரை தண்ணீர்.

"வெளியே வாப்பா" என்றேன்.

"நீங்க கரைக்குப் போங்க சார். வண்டி தனியா கீது."

நாங்கள் கரைக்குப் போனோம். அங்கிருந்து இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்ப்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. என் மனைவி மாதா படத்தை மடியில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். விடியும் சமயத்தில் தண்ணீர் வற்றி, வண்டியை இழுத்துப் போட்டார்கள். கதவைத் திறந்ததும் மணலும் சின்ன மீன்களும் கொட்டின.

கார் லாரியில் ஊர் திரும்பியது. மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உப்பு உள்ளே புகுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாபா, கார ஊறுகா போட்டு எட்டாந்துகிறியே!"

"மணல்ல வுட்டுட்டேன்பா. என் போறாத வேள" என்றார் அவர்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் படப்பையில் ஒருவருடைய வேனைக் கூலிக்கு ஓட்டினார். அந்த வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் தெருக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனார். நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஏரி வற்றிக் கிடந்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. "குறுக்கால வுடுபா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அவர் கரையில் வண்டியை நிறுத்தினார். ஏரிக்குள் வேறு வண்டிகள் போன தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"இன்னா ரோசன பண்றான் இவன்?"

"அவன இன்னான்னு கேக்குற? சொந்தக் காரையே கடல்ல எறக்குன ஆளு!"

வேன் முழுக்கச் சிரித்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார். அன்று ஸ்டாண்டில் திரும்பாதவர் இப்போது திரும்பினார்.

"போலாமா சார்? நீங்க சொல்லுங்க."

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அவரைக் காரை இறக்கச் சொன்னவன் நான்தான் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். கேட்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அந்த வேனிலேயே இருந்தார்கள். என் வாய் திறந்தது.

"சுத்தியே போயிடலாம்பா" என்றேன்.

அவர் வண்டியைத் திருப்பினார். "பயந்துட்டான்டா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரையோடு கரையாக, வெள்ளையாக, கண்ணுக்கெட்டிய வரை அது காய்ந்துதான் கிடந்தது.