அத்தை வழியாகப் போன இங்கிலீஷ்

என் மாமனார் என்னோடு பேசமாட்டார். கோபதாபம் ஒன்றுமில்லை. போடியில் எங்களைப் போன்ற ஏலக்காய் வியாபாரக் குடும்பங்களில் அப்போது அதுதான் வழக்கம். மருமகளிடம் மாமனார் நேருக்கு நேர் பேசினால் மரியாதை போயிற்று. சொல்ல வேண்டியதை முன்கட்டில் உட்கார்ந்தபடி என் மாமியாரிடம் சொல்வார். அத்தை சமையலறை நிலைப்படியில் நின்று அதை என்னிடம் சொல்வார். நான் அத்தைக்குப் பதில் சொல்வேன், அது அதே வழியில் திரும்பிப் போகும். எனக்கும் அவருக்கும் நடுவே பெரிய தூரம்கூடக் கிடையாது. நான் பேசுவது அவர் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் அத்தை வாயால் வந்தால்தான் கேட்டதாகக் கணக்கு. என்ன கூத்து பாருங்கள்!

இந்தக் கூத்தில் இங்கிலீஷ் வேறு சேர்ந்துகொண்டது. மதுரையில் விடுதியில் தங்கி இங்கிலீஷில் பி.ஏ.வும் பிறகு பி.எட்.டும் படித்தவள் நான். டீச்சர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. பெண் பார்க்க வந்தபோது, "வேலைக்கு அனுப்புவோமே, அதுக்கென்ன" என்று தலையை ஆட்டினார்கள். எழுபதுகளில் அப்படிச் சொல்வதே பெரிய விஷயம் என்று என் வீட்டில் பூரித்துப்போனார்கள். வந்து சேர்ந்த பிறகுதான் விளங்கியது, வடக்கேயிருந்து வரும் வியாபாரக் கடிதங்களுக்குப் பதில் எழுத வீட்டோடு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

மாமனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு சொல்லுக்கு நடுவே என்ன வித்தியாசம் என்று கேட்பதில் அவருக்கு அப்படியொரு ருசி. ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டியே தரம் பிரிக்கிற மனிதர் அல்லவா. ஒருமுறை, சரக்கு ஈரமாக வந்து சேர்ந்தது என்று கல்கத்தா வியாபாரி ஒருவர் சண்டைக்கு வந்து எழுதியிருந்தார். பதிலில் அப்பாலஜைஸ் போடுவதா, ரிக்ரெட் போடுவதா என்று எனக்குச் சந்தேகம்.

"ரெண்டும் வருத்தந்தான் அத்தை. அப்பாலஜைஸ்னா, தப்பு எங்க மேலதான்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்குறது. ரிக்ரெட்னா, இப்பிடி ஆயிப்போச்சேன்னு வருத்தப்படுறது. தப்பு யாரோடதுன்னு சொல்ல வேண்டியதில்ல."

"ஒண்ணுல தப்பு நம்மளோடதாம். இன்னொண்ணுல அந்தப் பேச்சே இல்லையாம்" என்றார் அத்தை, முன்கட்டைப் பார்த்து.

மாமனார் ரசித்துச் சிரித்தார். "அந்த ரெண்டாவதப் போடச் சொல்லு. குத்தம் நம்ம வாசப்படி ஏறக் கூடாது."

பொய் சொல்வானேன், எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு ரிக்வெஸ்ட், டிமாண்ட், டிலே, போஸ்ட்போன் என்று எத்தனையோ சொற்கள் அத்தை வழியாகப் போய்வந்தன.

அப்போதுதான் உத்தமபாளையம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே மனுப் போட்டு வைத்திருந்த வேலை. வருகிறேனா இல்லையா என்று உடனே எழுதச் சொல்லியிருந்தார்கள். தேவாரம், பண்ணைப்புரம் வழியாகப் போகும் பஸ்ஸில் காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். குழம்பைக் கிண்டிக்கொண்டே அந்த பஸ்ஸில் நான் பலதடவை போய்வந்துவிட்டேன், ஜன்னலோர சீட்டில்.

ஏலக்காய் வாங்க மலைக்குப் போயிருந்த கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். "அப்பா சொல்றதுதான். என்னைய இதுல இழுக்காத" என்று தட்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அந்த மனுஷனை என்னவென்று சொல்ல!

மறுநாள் முன்கட்டிலிருந்து குரல் வந்தது. "வேலைக்கு வரலன்னு எழுதிப்போடச் சொல்லு."

எழுத உட்கார்ந்தேன். அந்த வீட்டிலிருந்து என் பேரில் போகப்போகிற முதல் கடிதம். கையெழுத்தும் என்னுடையது. அவரோடு வாதாட எனக்கு வாய் கிடையாது, ஆனால் சொற்களின் வித்தியாசம் அவருக்குப் பிடிக்குமே. வரவில்லை என்பதற்கு இருக்கிற இரண்டு சொல்லையும் எடுத்து வைத்தால் எது பொய் என்று அவருக்கே தெரிந்துவிடும், மனம் இளகிவிடும் என்று நம்பினேன். பைத்தியக்காரி!

"அத்தை, இதுக்கு ரெண்டு சொல்லு இருக்கு. அன்ஏபிள்னா, ஆசையிருக்கு, வர முடியல. அன்வில்லிங்னா, வர விருப்பமே இல்ல. மொதச் சொல்லுதான் நெசம்."

அத்தை இரண்டையும் சரியாகத்தான் சொன்னார். கடைசியாக நான் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார்.

மாமனார் யோசித்தார்.

"முடியலன்னு எழுதுனா, ஏன் முடியல, யாரு தடுத்தாகன்னு நாலு பேரு கேப்பாக. விருப்பமில்லன்னா பேச்சு அவளோட முடிஞ்சுபோகும். ரெண்டாவதப் போடச் சொல்லு."

கல்கத்தாக்காரருக்குப் பதில் சொன்ன அதே நிதானம். நான் பிரித்துக் கொடுத்த வித்தியாசத்தை வைத்தே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது, ரோட்டில் பஸ் போகிற சத்தம்கூடக் கேட்டது. பேனா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"மாமா, எனக்கு விருப்பம் இருக்கு" என்றேன், முன்கட்டைப் பார்த்து, சத்தமாக. அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முன்கட்டில் நாற்காலி கிரீச்சிட்டது.

"இந்தா, உள்ள என்னமோ சத்தம் கேட்டுச்சு" என்றார் மாமனார், அத்தையிடம். "என்னான்னு பாரு."

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குனிந்து பேனாவை எடுத்து என் விரல்களுக்குள் வைத்து அழுத்தினார்.

"ஒண்ணுமில்ல" என்றார் முன்கட்டுக்கு. "எழுதிக்கிட்டுத்தான் இருக்கா."